ஒற்றர் சூழ ஓர் அறப்போர் – மார்ட்டின் லூதர் கிங்கின் வாழ்வு

உலகப் பொதுமறை தந்த திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். நாடாள்வோர்க்கு ஒற்றர் தேவை என்பதை அவர் மறுத்தாரில்லை. ஆயினும் அவ்வதிகாரத்துக்கு முன்பாகச் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என நான்கு அதிகாரங்களை நிறுத்தியுள்ளார். நீதியும் இரக்கமும் அற்ற கையில் ஒற்று என்னும் கருவி சேருமானால், அது பகைவரை விட்டுக் குடிமக்களையே வேட்டையாடத் தொடங்கும் என்னும் கருத்தை இவ்வரிசையிலிருந்து நாம் பெறலாம். இதற்கு இருபதாம் நூற்றாண்டு தரும் மறுக்கவொண்ணாச் சான்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் வாழ்வாகும். அவருடைய பெருமையை அறிந்தோர் பலர். அவரை அவருடைய சொந்த அரசாங்கமே எவ்வாறு நிழல்போல் தொடர்ந்து அழிக்க முயன்றது என்பதை அறிந்தோர் சிலரே. நம் சமுதாய இளைஞர்கள் இரண்டையும் அறிதல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கிங் பிறந்தார். தந்தையார் எபனேசர் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். அக்காலத்தில் அத்தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவு விடுதி, குடிநீர்க் குழாய் ஆகிய அனைத்திலும் வெள்ளையர்க்கு ஓரிடமும் கறுப்பர்க்கு வேறிடமும் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆறு வயதுச் சிறுவனாக அவர் பள்ளி செல்லத் தொடங்கியபோது, அதுவரை உடன் விளையாடிய வெள்ளைச் சிறுவனை இனி அவரோடு சேரக்கூடாதென்று பெற்றோர் தடுத்துவிட்டனர். பதினைந்தாம் வயதில் வெளியூரில் நடந்த பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டு ஆசிரியையுடன் திரும்புகையில், வெள்ளைப் பயணிகளுக்காக இருக்கையை விட்டெழுந்து நெடுந்தொலைவு நின்றுகொண்டே வர நேர்ந்தது. சேரிக்கும் ஊருக்கும் இடையிலுள்ள எல்லையை அறிந்த நமக்கு, அவ்விளம் உள்ளம் பட்ட பாட்டை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

அவ்வேதனையைக் கல்வியாக மாற்றிக்கொண்டார் அவர். பதினைந்தாம் வயதிலேயே மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்து 1948இல் பட்டம் பெற்றார். 1951இல் இறையியல் பட்டமும், 1955இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1953இல் கொரெட்டா ஸ்காட் அம்மையாரை மணந்தார். வட மாநிலங்களில் வசதியாக வாழ வாய்ப்பிருந்தும், அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் போதகர் பணியை ஏற்றார்.

மாண்ட்கோமரி முதல் கன்னியாகுமரி வரை

1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் தையல் தொழிலாளிப் பெண்மணி, பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்கு எழுந்து இடங்கொடுக்க மறுத்துக் கைது செய்யப்பட்டார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளை முற்றாகப் புறக்கணித்தனர். இருபத்தாறே வயதான கிங் அப்போராட்டத்தின் தலைமையை ஏற்றார். 381 நாட்கள் மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். இடையில் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. ஆத்திரத்துடன் திரண்ட மக்களை அவர் அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். இறுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு போராடியோர் பக்கமே அமைந்தது.

அறப்போர் நெறியை மேலும் அறியவேண்டி 1959இல் அவர் துணைவியாருடன் இந்தியா வந்தார். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒருங்கே கண்டார். கேரளத்தில் நம் மக்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளி ஒன்றில், அவரையும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்ததாகவும், முதலில் அதிர்ந்தாலும் பின்னர் அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் அவரே பிற்காலத்தில் தம் சபையாரிடம் எடுத்துரைத்தார். ஆகவே அவர் நமக்கு அயலவர் அல்லர்.

ஒட்டுக்கேட்ட அரசு

அமெரிக்காவின் கூட்டரசுப் புலனாய்வுத் துறை எப்.பி.ஐ. என்று வழங்கப்படுவது. ஜே. எட்கர் ஹூவர் என்பவர் 1924 முதல் 1972இல் இறக்கும்வரை 48 ஆண்டுகள் அதன் தலைவராக வீற்றிருந்தார். எட்டுக் குடியரசுத் தலைவர்கள் மாறினர், அவர் மாறவில்லை. யாருடைய இரகசியம் எவ்வளவு அவரிடம் உள்ளது என்று அறியாததால், அவரை அசைக்க ஆட்சியாளரே அஞ்சினர்.

கிங்கின் ஆலோசகர்களுள் ஸ்டான்லி லெவிசன் என்னும் வழக்கறிஞர் ஒருவர். அவருக்குக் கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புண்டு என்று காரணங்காட்டி, 1962இல் அவருடைய அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. 1963 ஆகஸ்டில் எப்.பி.ஐ.யின் உள்நாட்டு உளவுப் பிரிவினர், கறுப்பின மக்கள் இயக்கத்தில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு மிகச் சொற்பமே என்று அறிக்கை தந்தனர். ஹூவர் அதனை ஏற்காது கடிந்துகொண்டார். ஆகஸ்ட் 28ஆம் நாள் வாஷிங்டன் நகரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்ட பேரணியில் கிங் உலகம் வியக்க உரையாற்றினார். இரண்டே நாட்களில் அப்பிரிவின் தலைவர் வில்லியம் சல்லிவன் தம் முந்தைய கருத்தை விழுங்கி, நாட்டின் பாதுகாப்பு நோக்கில் கறுப்பினத் தலைவர்களுள் மிக ஆபத்தானவர் கிங்கே என்று எழுதித் தந்தார். இடைப்பட்ட ஒரு வாரத்தில் புதிய சான்று எதுவும் தோன்றவில்லை. மேலதிகாரியின் மனம் அறிந்து கோப்பு எழுதப்பட்டது, அவ்வளவே.

1963 அக்டோபரில் ஹூவர் அளித்த விண்ணப்பத்தின்பேரில், அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடி, கிங்கின் வீட்டிலும் இயக்க அலுவலகங்களிலும் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி தந்தார். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அவ்விண்ணப்பத்தில் குற்றம் எதற்கும் சான்று காட்டப்படவில்லை. நீதிபதி எவரும் அதனைப் பார்க்கவுமில்லை. 30 நாட்கள் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்ற எண்ணத்தில் அளித்த அனுமதி, அட்லாண்டா அலுவலகத்தைப் பொறுத்தவரை 1966 ஜூன் வரை நீடித்தது. 1964 ஜனவரி முதல் அவர் தங்கும் விடுதி அறைகளில் மறைவான ஒலிவாங்கிகளையும் வைக்கத் தொடங்கினர். பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இவ்வாறு செய்யப்பட்டது.

தேடியது கம்யூனிஸ்ட் சதி. அதற்குரிய சான்று ஒன்றும் கிட்டவில்லை. கிட்டியவை அவருடைய அந்தரங்க வாழ்வைப் பற்றிய செய்திகள். கிங் குறையே இல்லாத மனிதர் என்று நாம் கூறவில்லை. அவர் இல்லறத்தில் தவறியதுண்டு என்பதை அவருடன் பணியாற்றிய நெருங்கிய நண்பரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆயினும் ஒரு குடிமகனின் குறை அவன் மனச்சான்றுக்கும் குடும்பத்துக்கும் உரியது. அரசாங்கம் மக்கள் வரிப்பணத்தில் அதனைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து ஆயுதமாக்குவதற்கு எந்த அறநூலும் இடந்தரவில்லை.

மொட்டைக் கடிதம்

1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அக்டோபரில் கிங்குக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 35. ஹூவரின் சினம் எல்லை கடந்தது. நவம்பர் 18ஆம் நாள் பெண் செய்தியாளர்களைக் கூட்டி, நாட்டிலேயே பேர்போன பொய்யர் கிங் என்று பழித்தார். சில நாட்களில் ஓர் அஞ்சற்பொதி மயாமி நகரிலிருந்து அனுப்பப்பட்டது. விடுதி அறைகளில் பதிவு செய்த ஒலிநாடாவும், கறுப்பினத்தவர் ஒருவரே எழுதியதுபோல் பாவனை செய்த கையொப்பமற்ற கடிதமும் அதனுள் இருந்தன. கிங்கை இழித்துரைத்த அக்கடிதம், 34 நாட்களுக்குள் அவர் செய்யவேண்டியது ஒன்றே என்று கூறி முடிந்தது. உயிரை மாய்த்துக்கொள் என்பதே அதன் பொருள் என்று கிங்கும் நண்பர்களும் கருதினர்.

நம் ஊர்களில் முன்னேறும் ஏழை வீட்டுப் பிள்ளையின்மீது மொட்டைக் கடிதம் போடுவோர் உண்டு. அவர்கள் தனி மனிதர்கள். இங்கோ வல்லரசு ஒன்றின் புலனாய்வுத் துறையே மொட்டைக் கடிதம் தட்டச்சு செய்து அஞ்சலில் சேர்த்தது.

அப்பொதி உடனே பிரிக்கப்படவில்லை. கிங் டிசம்பர் 10ஆம் நாள் ஆஸ்லோவில் பரிசைப் பெற்று, ஏறத்தாழ 54,000 டாலர் பரிசுத்தொகை முழுவதையும் இயக்கத்துக்கே வழங்கினார். 1965 ஜனவரியில் அப்பொதியைப் பிரித்தவர் அவர் மனைவி கொரெட்டா அம்மையார். கிங் மனம் உடைந்து உறக்கமிழந்தார். ஆயினும் களத்தை விட்டு அகலவில்லை. அவ்வாண்டு மார்ச்சிலேயே செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரி வரை வாக்குரிமைப் பேரணியை நடத்தினார். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

அதிகாரிகள் ஓயவில்லை. அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்க எண்ணிய கல்லூரிகளைத் தடுக்க முனைந்தனர். போப்பாண்டவர் அவரைச் சந்திப்பதைத் தடுக்க முயன்று தோற்றனர். பத்திரிகையாளர் பலரிடம் ஒலிநாடாச் செய்திகளைக் காட்ட முன்வந்தனர். அவர்கள் அவற்றை வெளியிடவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை. அரசாங்கம் செய்யும் இந்த இழிசெயலையும் வெளியிடவில்லை என்பது அவர்களுக்குச் சிறுமை.

துப்புரவுத் தொழிலாளர்க்காகத் துறந்த உயிர்

1968 பிப்ரவரி 1ஆம் நாள் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் துப்புரவுத் தொழிலாளர் இருவர், பழுதான குப்பை வண்டியின் அரவையில் சிக்கி நசுங்கி மாண்டனர். ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தாங்களும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி அவர்கள் வரிசையாக நின்ற காட்சி உலகப் புகழ் பெற்றது. அப்படத்தை எடுத்த எர்னஸ்ட் விதர்ஸ் என்னும் கறுப்பினப் புகைப்படக் கலைஞர், எப்.பி.ஐ.க்குச் செய்தி தந்து வந்தவர் என்பது அவர் மறைந்தபின் 2010இல் வெளியாயிற்று. கண்காணிப்பின் கொடிய விளைவு இதுவே: உடன் நிற்பவர் தோழரா, ஒற்றரா என்று ஐயுறும் நிலைக்கு அது ஓர் இயக்கத்தைத் தள்ளிவிடுகிறது.

நாடெங்கும் ஏழை மக்கள் இயக்கத்தை உருவாக்கும் பெரும்பணிக்கிடையே, நண்பர் சிலர் தடுத்தும், அத்தொழிலாளர்க்காகக் கிங் மெம்பிஸ் சென்றார். ஏப்ரல் 4ஆம் நாள் மாலை லொரெய்ன் விடுதியின் மாடி முகப்பில் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. பன்னிரண்டு நாட்களில் நகராட்சி பணிந்து தொழிலாளர் சங்கத்தை ஏற்றது.

வெளிவந்த உண்மை

இரகசியம் எவ்வாறு உடைந்தது? 1971 மார்ச் 8ஆம் நாள் இரவு, பென்சில்வேனியா மாநிலத்து மீடியா என்னும் சிற்றூரில் இருந்த எப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து எளிய குடிமக்கள் எண்மர் கோப்புகளை எடுத்துச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பினர். குடிமக்கள் இயக்கங்களைச் சீர்குலைக்கும் மறைமுகத் திட்டம் ஒன்று நடப்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. 1975இல் செனட் உறுப்பினர் பிராங்க் சர்ச் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, கிங்குக்கு இழைத்த கொடுமைகள் 1976இல் அறிக்கையாக வெளிவந்தன. எப்.பி.ஐ. தலைவர் பதவிக்குப் பத்தாண்டு வரம்பு விதிக்கப்பட்டது. 1978இல் உளவு நோக்கில் ஒட்டுக்கேட்பதற்குத் தனி நீதிமன்றத்தின் ஆணை வேண்டுமென்று சட்டம் வந்தது. ஒலிநாடாக்களையும் அவற்றின் எழுத்துப் படிகளையும் 2027 வரை முத்திரையிட்டு வைக்குமாறு 1977இல் நீதிமன்றம் ஆணையிட்டது. எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

மாறாக, கிங்கின் பிறந்தநாளையொட்டித் தேசிய விடுமுறை அளிக்கும் சட்டம் 1983இல் நிறைவேறியது. எப்.பி.ஐ. தலைவராகப் பின்னாளில் இருந்த ஜேம்ஸ் கோமி, 1963ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் படியைத் தம் மேசையிலேயே வைத்திருந்தார். வரம்பில்லாத அதிகாரம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு அது நினைவூட்டல்.

நாம் கொள்ளும் பாடம்

இளைஞர்களே! சம உரிமை கேட்டு எழுவோரை ஐயக்கண்கொண்டு பார்ப்பது ஆதிக்கத்தின் பழைய இயல்பு. அதற்கு அஞ்சி ஒடுங்குதல் வேண்டா; ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரிதலும் வேண்டா. கிங்கின் வாழ்வு நமக்கு மூன்றைக் கற்பிக்கிறது. பொதுவாழ்வில் இறங்குவோர் தம் ஒழுக்கத்தைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும். பகைவர் முதலில் தேடுவது அதன் ஓட்டையையே. எந்த அதிகாரியின் ஆணையாயினும் எழுத்தில் உள்ளதா, எச்சட்டத்தின்படி, எத்தனை நாளைக்கு என்று பணிவோடும் துணிவோடும் கேட்டல் வேண்டும். அரசுக் கோப்புகளைப் படிக்கும் திறனைப் பெறுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017இல் அளித்த தீர்ப்பும் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியல் சட்டத்தின் வேரிலிருந்து கிளைத்தவை. படிக்கத் தெரிந்தவனுக்கே அவை கைவாள். படியாதவனுக்கு அலமாரியில் உறங்கும் ஏடுகள்.

நம் சங்கம் கால் நூற்றாண்டாகக் கல்வி விளக்கை ஏந்தி நிற்பது, நம் பிள்ளைகள் உத்தியோகம் பெறுவதற்காக மட்டுமன்று. நாளை அவ்வுத்தியோக நாற்காலியில் அமரும் பிள்ளை, மேலதிகாரி விரும்புகிறார் என்பதற்காகப் பொய்க் கோப்பு எழுத மறுக்கும் நெஞ்சுரமும் பெறுதல் வேண்டும். அதுவே மார்ட்டின் லூதர் கிங் அவர்களுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.