சீறாவைத் திறந்து தந்த பாவலர்

பிரிக்பீல்ட்ஸில் நம் கடைக் கல்லாவுக்கு மேலே ஒரு பலகையில், வாப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த சீறாப்புராணம் வெகுகாலம் துணி சுற்றியே இருந்தது. எடுத்துப் படிக்க ஆசைதான். ஆனால் மதரஸாவில் ஓதியதும் தொடக்கப்பள்ளித் தமிழும் அதற்குப் போதவில்லை. தொடக்கத்தில் உள்ள நாட்டுப் படலத்திலேயே இடறினோம். ஹஜ்ஜுக்குப் போய் மக்கத்து மலையையும் மணலையும் கண்ணால் கண்டு வந்திருக்கிறோம். புலவரோ அரபு நாட்டிலே ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது என்கிறார். இது என்ன கதை என்று மூடி வைத்துவிட்டோம்.

பல ஆண்டு கழித்துக் கிள்ளானில் ஒரு நண்பர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் உரையை இரவல் தந்தார். பாட்டையும் பொருளையும் மாறி மாறிப் படித்து, பல இரவு யோசித்த பின்புதான் விளங்கிற்று. காப்பியம் பாடுகிறவர் ஆற்றையும் நாட்டையும் நகரையும் முதலில் பாடுவது தமிழ் மரபு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணுக்கு, உமறுப் புலவர் தாம் அறிந்த செழிப்பையெல்லாம் அள்ளிச் சூட்டியிருக்கிறார். நாம் அதைப் பூகோளப் பாடமாகப் படித்திருக்கிறோம்!

அந்தப் பாவலர் யார் என்று அதன் பிறகே விசாரித்தோம். அன்னார் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு ஜூலை 31ல் பிறந்தவர். அந்தப் பகுதி அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தபடியால் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவி என்பவரிடம் தனியே கற்றார். பள்ளியில் தமிழ் படியாத பிள்ளைதான் பிற்காலத்தில் சீறாவுக்கு உரை எழுதினார் என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு அது சிறிய ஆறுதலா?

பிறகு சென்னைக்குப் போய், இட்டா பார்த்தசாரதி நாயுடு என்பாரின் அச்சுக்கூடத்தில் பதிப்பு வேலையில் அமர்ந்தார். சீறாப்புராண உரை அந்த நாளின் உழைப்பு. நூலோ விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று 3 காண்டம், 5027 பாட்டு. 17ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டு, 1842ல்தான் முதன்முதல் அச்சேறியது. அச்சில் வந்தும் என்ன? அரபுச் சொல் தமிழ் ஓசையில் கரைந்து கிடக்கும். சொல்லோடு சொல் சேர்ந்து நிற்கும். ஆலிமுக்குத் தமிழ் தடை, புலவருக்கு அரபு தடை. இரண்டு கரையும் தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

வள்ளலாரின் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று பெரிய வழக்காடல் நடந்த காலத்தில், பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறிப் பேசினார். காஞ்சிபுரத்தார் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பிறர் சமய நூலையும் அதன் உள்ளே புகுந்து படித்த மனிதர் அவர்.

1907 மார்ச் 10ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார். இப்படி நூறு காரியங்களையும் ஒரே சமயம் நினைவில் நிறுத்தி விடை சொல்ல வேண்டும். நமக்கோ, பேரேடு எழுதும்போது இரண்டு பேர் விலை கேட்டால் கூட்டல் தப்பிவிடுகிறது.

சுதந்திரப் போராட்டத்தில் கதர் உடுத்தி மேடைகளில் பேசினார். 1950 பிப்ரவரி 13ல் மறைந்தார். இடலாக்குடி அரசுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

நாம் இப்போது நுபுவ்வத்துக் காண்டத்தின் நடுவில் இருக்கிறோம். ஒரு நாளைக்கு 4 பாட்டுக்குமேல் ஓடுவதில்லை. புத்தகத்தின் துணியை எடுத்துவிட்டோம். கல்லாப் பக்கத்திலேயே இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் கூட உட்கார்ந்து படிக்கலாம். தேநீர் நம் செலவு.