காற்றின் கணக்கு

தஞ்சை வளநாட்டின் நெல் விளைச்சல் இரு பருவக்காற்றுகளைச் சார்ந்தது. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பொழிந்தால் மேட்டூர் அணை நிறையும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை சம்பா வயல்களில் நேரடியாகப் பெய்யும். இக்காற்றுகளின் போக்கைத் தொலைதூரக் கடல்களோடு இணைத்துக் காண வழிகாட்டியவர் சர் கில்பர்ட் வாக்கர்.

1868இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்த வாக்கர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1889ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1904இல் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தலைவரானபோது அவர் கணித வல்லுநரே அன்றி வானிலை வல்லுநர் அல்லர். 1877, 1899ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்துப் பெரும்பஞ்சங்கள் நேர்ந்திருந்தன. அத்தகைய ஆண்டுகளை முன்னரே அறிவது எவ்வாறு என்பதே அவர்முன் நின்ற வினா.

உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு ஆகியவற்றை அவர் எழுத்தர்கள் துணையுடன் ஒப்பிட்டார். பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடலில் தாழ்வதையும், அங்குத் தாழ்ந்தால் இங்கு உயர்வதையும் கண்டார். ஏற்றமரத்தின் இருமுனைகளை ஒத்த இவ்வசைவுக்குத் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டார்.

கணிதத் திறனை அவர் பிறரிடத்தும் போற்றினார். 1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலக எழுத்தராக இருந்த கும்பகோணத்து இளைஞர் இராமானுஜனின் கணிதக் குறிப்பேட்டைக் கண்டு வியந்து, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். அதன் பயனாக இராமானுஜனுக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1924இல் தாயகம் திரும்பிய வாக்கர் இலண்டனில் பேராசிரியராகப் பணியாற்றினார். தென் அலைவின் காரணத்தை அவரால் விளக்க இயலாததால் அறிஞர் சிலர் அதனை ஐயுற்றனர். அவர் 1958இல் மறைந்தார். 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் அறிஞர், பசிபிக் கடல்நீரின் வெப்ப வேறுபாடே அதற்கு அடிப்படை என விளக்கி, அங்கு நிகழும் காற்றோட்டத்துக்கு ‘வாக்கர் சுழற்சி’ எனப் பெயர் சூட்டினார். கிழக்குப் பசிபிக் கடல் மிகுதியாக வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் மிகுகிறது. எனவே, ஆற்றில் நீர் குறையும் அதே ஆண்டில் வயலில் வெள்ளம் நிற்கவும் கூடும்.

நேற்றைய பதிவுகளைக் கொண்டு நாளைய மழையை அறிய முயன்றவர் வாக்கர். கடலும் காற்றும் பழைய ஒழுங்கிலேயே இயங்கும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. இன்றோ, மாந்தர் வெளியேற்றும் கரியமில வாயு கடலையும் காற்றையும் வெப்பமாக்குகிறது. வெப்பம் 1 பாகை செல்சியசு உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் கனமழை மேலும் கடுமையாகும். வாக்கர் சுழற்சியின் வலிமையும் இடமும் மாறினால், பருவமழையோடு அதற்குள்ள பழைய தொடர்பும் மாறக்கூடும். நாற்றுவிடும் நாளைப் பழைய அனுபவத்தால் குறிக்கும் உழவருக்கு இது பெருங்கவலை. ஆகவே, வாக்கரின் கணக்கு முடிந்துவிடவில்லை. மாறிவரும் காற்றுக்கேற்ப அதனைப் புதிதாகப் போடும் பொறுப்பு இத்தலைமுறையைச் சேர்ந்தது.