முதியவர்களைக் குருவாக்கிய ருக்மிணி தேவி

திருவான்மியூரில் மரங்கள் அடர்ந்த பெரிய தோப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் கலாக்ஷேத்திரா. பரதமும் சங்கீதமும் கற்கப் பல தேசங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். அதை உண்டாக்கியவர் ருக்மிணி தேவி. நாட்டியத்துக்கு அவர் செய்த தொண்டு எல்லோரும் அறிந்தது. வயது முதிர்ந்தவர்களை அவர் எப்படி நடத்தினார் என்பதும் அறிய வேண்டிய சங்கதிதான்.

எதிர்ப்புக்கு அஞ்சாதவர்

ருக்மிணி 1904 பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி ஒரு என்ஜினீயர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், அவர் குடும்பத்தோடு சென்னை அடையாற்றில் குடியேறினார். அங்கே பிரம்மஞான சபையின் தொடர்பு ருக்மிணிக்குக் கிடைத்தது. 1920-ல் ஜார்ஜ் அருண்டேல் என்ற வெள்ளைக்காரரை மணந்தார். பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் கலங்கவில்லை.

பிறகு நாட்டியம் கற்க ஆசைப்பட்டார். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் ஆடக்கூடாது என்று கருதிய காலம் அது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். அப்போது பிள்ளைக்கு வயது அறுபதுக்கு மேல். 1935 டிசம்பரில் ருக்மிணி முதன்முதலாக மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார்.

வயது ஒரு தடையா?

பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் வேண்டும். யாரை அழைப்பது? ருக்மிணி அம்மையார் வயதைப் பார்க்கவில்லை, வித்தையைப் பார்த்தார்.

டைகர் வரதாச்சாரியார் 1876-ல் பிறந்தவர். பெரிய சங்கீத மேதை. அவர் தமது கடைசி ஆண்டுகளில் கலாக்ஷேத்திராவில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1950-ல் காலமானார். வீணை வித்துவான் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் முதிய வயதில் அங்கே வந்து மாணவர்களுக்கு வீணை கற்பித்தார்.

அந்த நாளில் பெரும்பாலான வித்துவான்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. குரல் தளர்ந்தால் கச்சேரி குறையும். கச்சேரி குறைந்தால் வருமானம் போய்விடும். அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. இனி நம்மால் யாருக்கும் பயன் இல்லையே என்ற துக்கம் அது. கலாக்ஷேத்திராவில் முதியவர்களுக்குப் பணி இருந்தது. காலடியில் உட்கார்ந்து கேட்க மாணவர்களும் இருந்தார்கள்.

தொண்ணூறு வயதில் ராமாயணம்

மைசூர் வாசுதேவாச்சாரியார் 1865-ல் பிறந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். மைசூர் சமஸ்தான வித்துவான். 1935-லேயே சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். தொண்ணூறு வயதை நெருங்கும்போது ருக்மிணி அம்மையாரின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார்.

பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்று அம்மையார் விட்டுவிடவில்லை. வால்மீகி ராமாயணத்தை நாட்டிய நாடகமாக்க எண்ணினார். அதற்கு இசை அமைக்கும் பெரிய வேலையை அவரிடம் ஒப்படைத்தார். முதல் நாடகமான சீதா சுயம்வரம் 1955-ல் அரங்கேறியது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது! மேலும் சில பகுதிகளுக்கும் அவரே இசை அமைத்தார். 1961 மே மாதம், 96 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது காலமானார். மீதிப் பகுதிகளுக்குப் பேரர் எஸ்.ராஜாராம் இசை அமைத்து முடித்தார். தாத்தா தொடங்கியதைப் பேரன் நிறைவேற்றினார்.

1962-ல் கலாக்ஷேத்திரா திருவான்மியூருக்கு மாறியது. அம்மையார் ராஜ்யசபை அங்கத்தினராக இருந்து, வாயில்லா ஜீவன்களுக்காகவும் வாதாடினார். 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வர அவரது முயற்சி முக்கிய காரணம். 1986 பிப்ரவரி 24-ந் தேதி அவர் மறைந்தார்.

சட்டமும் மனமும்

முதியோரைக் காக்க இன்று சட்டம் உண்டு. 2007-ல் வந்த சட்டப்படி, தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அறுபது வயதான முதியவரைக் காக்க வேண்டியவரே கைவிட்டால் சிறைத் தண்டனையும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1991-ல் முதியோருக்கான கொள்கைகளை வகுத்தது. பராமரிப்போடு கண்ணியத்தையும், சமூகத்தில் பங்கு பெறுவதையும் அது சேர்த்தே சொன்னது.

பராமரிப்புத் தொகையைச் சட்டம் வாங்கித் தரும். மதிப்பை மனிதர்கள்தான் தர வேண்டும். எல்லா முதியவர்களும் வாசுதேவாச்சாரியார் ஆக முடியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று தெரியும். ஒரு பாட்டிக்குக் கைவைத்தியம் தெரியும். ஒரு தாத்தாவுக்கு மண்ணைப் பார்த்தே விதைக்கும் பருவம் தெரியும். வீட்டிலும் முதியோர் இல்லத்திலும் வேளாவேளைக்குச் சோறு போடுவதோடு கடமை முடிந்துவிடாது. அவர்களிடம் யோசனை கேட்க வேண்டும். அவர்கள் விரும்பினால், முடிந்த வேலையைச் செய்ய விட வேண்டும். ருக்மிணி அம்மையார் செய்து காட்டியது இதைத்தான்.