வலியை அறிந்த மருத்துவர்

1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிறந்து, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் வளர்ந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்திலிருந்து வந்த அவருடைய பெற்றோர் ஜெசி பிராண்டும் ஈவ்லினும் மலைவாழ் மக்களிடையே சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றினர். மலை மக்களின் கால்களில் தோன்றும் நரம்புச்சிலந்திப் புழுவைத் தந்தை பொறுமையுடன் வெளியே எடுப்பதைச் சிறுவன் பால் அருகிருந்து கண்டான். ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றான். 1929இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலுக்குப் பலியானார்.

பால் முதலில் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றார். பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் பிடியில் வியப்பூட்டும் வலிமை இருப்பதை உணர்ந்தார். சில தசைகளே செயலிழந்துள்ளன, மற்றவை நலமாக உள்ளன என்பதை அறிந்து, நலமான தசையின் நாணை இடம் மாற்றி இணைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

ஆயினும் நிமிர்ந்த விரல்களில் மீண்டும் மீண்டும் புண்கள் தோன்றின. தொழுநோயால் சதை தானே அழுகி உதிர்கிறது என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியவர், ஆணி தைத்த காலுடன் நடந்தவர், உறங்கும்போது எலி விரலைக் கடித்ததையும் அறியாதவர் எனப் பலரைக் கண்டார். வலியுணர்வை இழந்ததே அவர்களின் உறுப்புகளைச் சிதைத்தது. எனவே ஏற்ற காலணிகளைச் செய்வித்தார். நாள்தோறும் கைகால்களைத் தாமே சோதிக்கப் பழக்கினார். கை நிமிர்ந்ததும் இரந்துண்ணும் வழி அடைபட்டுப் பிழைப்பின்றித் தவித்தோருக்குத் தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தார்.

வலி உடலின் காவலன் என்று கண்ட அவர், ஓயாத வலியால் வாடுவோரின் துயரையும் ஆராய்ந்தார். காயம் ஆறிய பின்னும் நீங்காத வலி உறக்கத்தையும் உழைப்பையும் உறவையும் குலைத்துவிடும். அச்சம், சினம், குற்றவுணர்வு, தனிமை, இயலாமை ஆகிய ஐந்தும் அவ்வலியைப் பெருக்குகின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே மருந்துடன் நோயாளிக்குத் துணையும், செய்வதற்கு ஒரு பணியும், தம் வாழ்வைத் தாமே நடத்தும் உரிமையும் தேவை என்று கருதினார்.

இதற்குச் சான்றாக அவர் கண்முன் நின்றவர் அவருடைய தாயே. எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஈவ்லின், இரவு முழுவதும் தரையிலேயே வலியுடன் கிடந்தார். மறுநாள் கயிற்றுக்கட்டிலில் வைத்து மலையிலிருந்து கீழே சுமந்து வரப்பட்டார். அறுவை மருத்துவரான மகன் மலை வாழ்வை விட்டுவிட வேண்டியும் தாய் இணங்கவில்லை. இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் குதிரை மீதேறியும் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளுக்குத் தொண்டாற்றினார். 1974இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்த அவருடைய உடல் கொல்லிமலையில் கணவரின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டது.

1960இல் லாஸ்கர் விருது பெற்ற பிராண்ட், 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவால் கால் உணர்விழந்தோர்க்கும் வேலூரில் கற்ற பாடமே அங்குக் கைகொடுத்தது. உணர்விழந்த கைக்குச் செயற்கை வலியுணர்வு தரும் கருவியை உருவாக்க முயன்றார். அதன் எச்சரிக்கை ஒலியை மக்கள் எளிதில் புறக்கணித்தமையால் முயற்சி வெற்றி பெறவில்லை. புறக்கணிக்க இயலாமையே இயற்கை வலியின் ஆற்றல் என்பதை அத்தோல்வி உணர்த்தியது. 2003 ஜூலை 8ஆம் நாள் அவர் மறைந்தார். வலியற்றோரின் கைகால்களைக் காக்கவும், வலியுற்றோரின் வாழ்வை மீட்கவும் அவர் காட்டிய வழி இன்றும் மருத்துவர்களுக்குத் துணைநிற்கிறது.