பௌதிகப் பேரறிஞர் ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

உலகில் புகழ் இருவகைப்படும். ஒன்று பெயரால் விளங்குவது. மற்றொன்று பயனால் விளங்குவது. முன்னது எல்லார் கண்ணுக்கும் புலப்படும். பின்னதோ நிலத்தடி நீர்போல் மறைந்து நின்று பலருடைய கிணறுகளை நிரப்பும். இவ்விரண்டாம் வகைப் புகழுக்குரிய தமிழ்நாட்டு விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இத்திங்கள் எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ந் தேதி, இக்காலத்து விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இக்கல்லூரி 1937-ல் தாம்பரத்திற்குப் பெயருமுன், நம் வியாசர்பாடிக்கு அணித்தான ஜார்ஜ் டவுனிலேயே இருந்தது. பட்டம் பெற்றபின் கிருஷ்ணன் ரசாயனச் சோதனைச் சாலையில் மாணவர்க்குச் செய்முறை காட்டும் பணியில் அமர்ந்தார். நண்பகல் உணவு வேளையில், எக்கல்லூரி மாணவராயினும் வந்து பௌதிகம், கணிதம், ரசாயனம் ஆகியவற்றில் ஐயம் வினவலாம் என்று ஓர் அவை கூட்டினார். அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவரும் ஆர்வத்துடன் வந்து கூடினர்.

1920-ல் கல்கத்தா சென்ற அவர், பின்னர் ஸி. வி. ராமனுடன் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராயலானார். ஒரு திரவத்தினுள் ஒளி பாயுங்கால் அதன் ஒரு சிறு கூறு பக்கங்களில் சிதறும். அங்ஙனம் சிதறுவதிற் பெரும்பகுதி தன் நிறம் மாறாது. மிக மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றத்தின் அளவு அத்திரவத்தின் மூலக்கூறுகள் அதிரும் தன்மையைக் காட்டும். ஆதலின் அது ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போன்றதாம். 1928-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தூய்மை செய்த ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்து இதனைக் கண்டனர். அதனை உலகிற்கு அறிவித்து, மார்ச்சு 31-ந் தேதி வெளிவந்த ‘நேச்சர்’ இதழில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் உள்ளன.

எனினும் அது ராமன் விளைவு என்றே வழங்கலாயிற்று. 1930-ல் நோபல் பரிசும் ராமன் ஒருவர்க்கே கிடைத்தது. பல்லாண்டுகள் அத்துறையை நெறிப்படுத்தியவர் ராமனாதலின் அவர் பெருமைக்கு யாதொரு குறையுமில்லை. கிருஷ்ணனும் வழக்காடி நிற்கவில்லை. 1928-ம் ஆண்டு இறுதியிலேயே டாக்கா சர்வகலாசாலை சென்று, படிகங்களின் காந்தத் தன்மையை அளக்கும் புதுத் துறையில் இறங்கினார். 1933-ல் கல்கத்தாவிற்கும், 1942-ல் அலகாபாத்திற்கும் பேராசிரியராயினார். உருகிய உலோகத்தில் மின்சாரம் ஓடுவதற்கு நேரும் தடையைப் பற்றி அவரும் பாட்டியா என்பாரும் 1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் எழுதியவை, 1961-ல் சைமன் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்த கொள்கைக்கு முன்னோடியாயின.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், 1946-ல் ஸர் பட்டமும், 1954-ல் பத்மபூஷணும் அவரை வந்தடைந்தன. டில்லியில் நிறுவப்பெற்ற தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு முதல் தலைவரும் அவரே. தமிழிலும் வடமொழியிலும் அவர் கொண்ட பற்று மிக ஆழ்ந்தது. 1961-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி மறைந்தார்.

இக்காலத்தில் ஆராய்ச்சியாளரின் தகுதியை அளக்க, அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் எடுத்தாண்டது எத்தனை முறை என்று கணக்கெடுக்கின்றனர். ராமன் விளைவு வெளிப்பட்ட 7 ஆண்டுகளுக்குள் அதனைப் பற்றி 700-க்கு மேற்பட்ட கட்டுரைகள் தோன்றின. 1960-ல் லேசர் ஒளி பிறந்தது. 1962-ல் போர்ட்டோ, வுட் என்னும் இருவர் அதனை இவ்விளைவிற்குப் பயன்படுத்தினர். முன்பு பல மணி நேரம் வேண்டிய சோதனை பின்னர் நொடிகளில் முடியலாயிற்று. இன்று மருந்துச் சாலைகளிலும், பல நாட்டுச் சுங்கச் சோதனைகளிலும், கையளவான லேசர்க் கருவி பொருளின் இயல்பை உரைக்கின்றது. ஆனால் அதனைக் கையாள்வோரில் 1928-ம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டுவார் மிகச் சிலரே. ஓர் உண்மை எல்லார்க்கும் பொதுவுடைமையானபின் அதன் மூலத்தைச் சுட்டுவார் அருகுவர். சோறு உண்பார் ஏர் பூட்டினவன் பெயரை வினவுவதில்லையன்றோ? ஆகவே எண்ணிக்கை ஒரு சான்றேயன்றி முழு அளவாகாது.

துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நம் வடசென்னை மக்கள் இதனை எளிதில் உணர்வர். கப்பலில் ஏறிச்சென்ற சரக்கில் சுமந்தவன் பெயர் இராது. ஆயினும் அவன் தோளின்றிச் சரக்கு ஏறியிராது. நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்கும் பரிசுக்கும் மட்டும் கல்லாது, செய்யும் வேலை பிறர்க்குப் பயன்படல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு கற்பாராக. நண்பகல் உணவு வேளையில் அயற் கல்லூரி மாணவர்க்கும் ஐயம் தீர்த்த அவ்விளைஞரின் வழி நம் இல்லங்களிலும் தழைக்க வேண்டுகின்றோம்.