ஹாரி ஹார்லோ

ஹாரி பிரெடரிக் ஹார்லோ (அக்டோபர் 31, 1905 - டிசம்பர் 6, 1981) அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் ஆவார். செம்முகக் குரங்குகளைக் கொண்டு தாய்-சேய்ப் பிணைப்புக் குறித்து இவர் நிகழ்த்திய சோதனைகள் பரவலாக அறியப்பட்டவை. இளமையில் அரவணைப்பும் தோழமையும் கிட்டாத குரங்குகள், வளர்ந்தபின் பாலுறவிலும் குட்டி வளர்ப்பிலும் பெரிதும் இடர்ப்பட்டதை இவை காட்டின. விலங்குகளைத் துன்புறுத்தியமைக்காக இச்சோதனைகள் கடும் கண்டனத்துக்கும் உள்ளாயின.

வாழ்க்கைச் சுருக்கம்

ஹார்லோ ஐயோவா மாநிலத்தின் பேர்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இவரது இயற்பெயர் ஹாரி இசுரேல். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1930 இல் முனைவர் பட்டம் பெற்றார். இவர் யூதர் அல்லர். எனினும் யூத எதிர்ப்பு மிகுந்திருந்த அக்காலத்தில் அப்பெயர் வேலைவாய்ப்புக்குத் தடையாகும் என ஆசிரியர் லூயிசு தெர்மன் கருதியதால், பெயரை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்து, அங்கே குரங்கின ஆய்வகத்தை நிறுவினார். 1958 இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1967 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார்.

தாய்ப்பொம்மைச் சோதனை

குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. குழந்தைகளை அதிகம் கொஞ்சலாகாது என நடத்தையியலாளர் ஜான் வாட்சன் 1928 இல் பெற்றோருக்கு அறிவுறுத்தியிருந்தார். நோய்த்தொற்றைத் தவிர்க்கத் தாயிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட குட்டிகள், கூண்டில் விரித்த துணியை இறுகப் பற்றிக்கொள்வதை ஹார்லோ கவனித்தார். அதன்பின் கம்பியால் ஒன்றும், மென்துணி போர்த்தி மற்றொன்றுமாக இரு தாய்ப்பொம்மைகளை அமைத்தார். கம்பிப்பொம்மையில் மட்டுமே பால் கிடைத்தபோதும், குட்டிகள் பாலருந்தும் நேரம் தவிரப் பெரும்பொழுதைத் துணிப்பொம்மையுடனேயே கழித்தன. அச்சமுற்றபோதும் அதனிடமே ஓடின.

வளர்ந்த பின்னர்

துணிப்பொம்மை குட்டிக்கு ஆறுதல் தந்தது. எனினும் அதுமட்டும் போதவில்லை. பொம்மையுடனோ தனிக்கூண்டிலோ வளர்ந்த குரங்குகள் உடல்நலத்துடன் முதிர்ந்தும் இணைசேர இயலாதிருந்தன. ஆண்கள் பெண்களை அணுகினாலும் உரிய நிலையில் சேரத் தெரியாமல் தடுமாறின. பெண்கள் தம்மை நெருங்கிய ஆண்களை அஞ்சி விலகின அல்லது தாக்கின. அனுபவமுள்ள இணையுடன் சேர்த்து வைத்தும் பெரும்பாலும் பயனில்லை. இம்முடிவுகளை ஹார்லோ 1962 இல் வெளியிட்டார்.

குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப்புரண்டு விளையாடும்போதே தொடுகையை ஏற்கவும், சினத்தை அடக்கவும், உடலசைவுகளை இசைவிக்கவும் கற்கின்றன என்பது இவரது விளக்கம். தாயின்றி வளர்ந்தும், நாள்தோறும் சிறிது நேரம் பிற குட்டிகளுடன் விளையாடியவை ஓரளவு இயல்பாகவே வளர்ந்தன.

தனிமையில் வளர்ந்த பெண்குரங்குகள் சில கட்டாயமாகச் சினையாக்கப்பட்டன. அவற்றுள் பல தம் குட்டிகளைப் புறக்கணித்தன. சில கொடுமையாகத் தாக்கின. எனினும் அடுத்த குட்டியிடம் அவற்றுள் பல மேம்பட்டு நடந்துகொண்டன. 1970களின் தொடக்கத்தில் ஸ்டீபன் சுவோமியுடன் செய்த ஆய்வில், ஆறு மாதம் தனிமைப்படுத்தப்பட்ட குரங்குகள், தம்மினும் இளைய குட்டிகளின் தோழமையால் பெருமளவு மீண்டன. இளமைக்காலப் பாதிப்பு மாற்றவியலாதது என்னும் கருத்தை இது தளர்த்தியது.

தாக்கமும் கண்டனமும்

ஜான் பௌல்பியின் பற்றுக் கோட்பாட்டுக்கு ஹார்லோவின் ஆய்வுகள் வலுச்சேர்த்தன. ஆயினும் முழுத்தனிமையில் அடைக்கப்பட்ட குரங்குகளிடம் கண்டவற்றை மனிதரின் பாலியல் வாழ்வுக்கு அப்படியே பொருத்த முடியாது. மனிதரிடம் மொழி, பண்பாடு, பின்னாளைய உறவுகள் ஆகியனவும் பங்காற்றுகின்றன.

குட்டிகளைச் சில சோதனைகளில் ஓராண்டு வரை முழுத்தனிமையில் அடைத்ததும், மனச்சோர்வை உண்டாக்கச் செங்குத்துக் கூண்டுகளை அமைத்ததும் அறமற்ற செயல்கள் எனப் பலர் கருதுகின்றனர். அன்பின் தேவையை நிறுவ, அன்பை மறுத்தே சோதிக்க வேண்டியிருந்ததா என்னும் கேள்வி ஆய்வுநெறி விவாதங்களில் தொடர்கிறது.

இறுதிக்காலம்

மனைவி மார்கரெட் 1971 இல் புற்றுநோயால் இறந்தார். அக்காலத்தில் ஹார்லோவும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார். 1972 இல் தம் முதல் மனைவி கிளாராவை மீண்டும் மணந்தார். பணி ஓய்வுக்குப்பின் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கு டூசான் நகரில் காலமானார்.