ஆறுகளை ஆராய்ந்த ஹம்போல்ட்

பெர்லின் நகரில் 1769-ஆம் வருஷம் செப்டம்பர் 14-ஆம் நாள் பிறந்த அலெக்ஸாந்தர் வான் ஹம்போல்ட் என்னும் பெரியாரைப் பூகோளம் பயின்றோர் யாவரும் அறிவர். மலையேறிய வீரர் என்றும், செடிகொடிகளைத் தொகுத்த புலவர் என்றும் அவரைப் போற்றுவோர் பலர். ஆயின், ஒரு தேசத்தின் வெயிலும் மழையும் அத்தேசத்து நீர்நிலைகளில் வாழும் உயிர்களை எவ்வாறு ஆளுகின்றன என்பதை அவர் கண்கூடாய்க் கண்ட ஓராண்டினையே நாம் ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவர் சுரங்க நூல் பயின்று அரசாங்க உத்தியோகம் ஏற்றார். 1796-இல் அன்னையாரும் இறக்கவே, தமக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தை உலகங் காண்பதற்கே செலவிடத் துணிந்தார். எமே போன்ப்லான் என்னும் பிரெஞ்சுத் தாவர நூலறிஞரைத் துணைக்கொண்டு 1799 ஜூன் மாதம் ஸ்பெயினிற் கப்பலேறி, இன்று வெனிசுவேலா என வழங்கும் நாட்டிலுள்ள கூமானாத் துறையில் ஜூலை மாதம் இறங்கினார்.

அந்நாட்டு வலென்சியா ஏரி ஆண்டுதோறும் சுருங்கி வருதல் கண்டு அவ்வூரார் பெரிதும் அஞ்சியிருந்தனர். ஏரிநீர் பாதாள வழியாய் வெளியேறுகின்றது போலும் என எண்ணினாரும் உளர். 1800-ஆம் வருஷத் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஹம்போல்ட், அவுரி முதலியவற்றைப் பயிரிடுவோர் ஓடைகளைத் திருப்பியதையும் மலைச்சாரற் காடுகளை வெட்டியதையும் நோக்கினார். மரநிழல் ஒழிந்த நிலத்தில் மழைநீர் ஊறி நில்லாது. பெய்த கணமே பெருவெள்ளமாய்ப் பாய்ந்து மண்ணை வாரிச் செல்லும். பின்னர் ஓடை பல மாதம் வறண்டு கிடக்கும். இதனை அவர் தெளிவாக விளக்கியது, நம் கருத்தில், அவர் மலைச்சிகரம் ஏறியதினும் பெரிய செயலாகும்.

அப்பால் லானோஸ் என்னும் பரந்த புல்வெளியைக் கடந்தார். அங்கே ஆண்டு இரண்டாகப் பிளவுபட்டுள்ளது. ஒரு பாதியில் வெள்ளம் வெளியெல்லாம் பரந்து கடலென நிற்கும். மறுபாதியில் நிலம் வெடித்து ஓடைகள் குட்டைகளாய்க் குறுகும். அவ்வறட்சியில் முதலைகள் சேற்றுள் புதைந்து அசைவற்றுக் கிடந்து, முதல் மழை பெய்ததும் எழும். குடிசையில் உறங்கிய ஒருவன் அதிகாலையில் தரை அதிர விழித்து, நிலத்தைப் பிளந்துகொண்டு முதலை ஒன்று வெளிப்படக் கண்டான் என்பது அவர் கேட்டெழுதிய கதைகளுள் ஒன்று.

கலபோசோ என்னும் ஊருக்கருகே, வற்றிய சேற்றுக் குட்டை ஒன்றில் மின்விலாங்குகள் நெருங்கியிருந்தன. அவற்றைப் பிடிக்குமாறு அவ்விடத்தார் குதிரைகளை உள்ளே துரத்தினர். விலாங்குகள் தாக்கச் சில நிமிஷங்களுக்குள் இரண்டு குதிரைகள் மூழ்கி மாண்டன. குதிரைகளை நினைக்குங்கால் இம்முறை நமக்கு உவப்பாயில்லை. இது கட்டுக்கதையென்றே நெடுங்காலம் பலர் ஐயுற்றனர். 2016-இல் அமெரிக்க விஞ்ஞானி கென்னத் கட்டானியா, அம்மீன் நீரினின்று எழும்பித் தன்னை நெருங்கும் பொருளைத் தாக்குதலைச் சோதனையாற் காட்டினார்.

பின்னர் அப்பூரே, ஓரினாக்கோ ஆறுகளிற் படகேறிச் சென்றார். கொசுக்கள் இரவும் பகலும் வருத்தின. காசிகியாரே என்னும் கால்வாய் ஓரினாக்கோவை ரியோ நீக்ரோவுடன் இணைத்தலை நேரிற் கண்டு உறுதிசெய்தார். ரியோ நீக்ரோவின் நீர் தேயிலைச் சாறு போற் கருத்திருந்தது. அங்கே கொசுத் தொல்லையும் மிகக் குறைந்தது. இடைவிடா மழை மணற்பாங்கான நிலத்தின் உப்புக்களைக் கரைத்தகற்றிவிட, உதிர்ந்த இலைகளின் சாறு கலந்து ஓடும் அந்நீர் உயிர்களுக்கு உணவு சுருங்கியது என்பது இக்காலத்தார் தரும் விளக்கம்.

1804-இல் ஐரோப்பா மீண்டார். சமமான சராசரி வெப்பமுடைய ஊர்களைக் கோட்டால் இணைத்து, அக்கோடுகள் அட்சரேகைகளோடு ஒத்துச் செல்லாமல் வளைதலை 1817-இல் காட்டினார். யாத்திரையிலும் நூற்பதிப்பிலும் கைச்செல்வம் முழுதும் கரைந்தது. முதுமையில் பிரஷிய அரசரின் உதவித்தொகையே அவருக்கு ஆதரவாயிற்று. காஸ்மாஸ் என்னும் பெருநூலின் ஐந்தாம் பாகம் முற்றுப்பெறாதிருக்க, 1859 மே 6-ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதில், பிறந்த நகரிலேயே உயிர் நீத்தார்.